ஊர்ச் சுவரில் ஊரார் வரையும் ஓவியம்: கடிதம் முதல் கடைசிப் பூச்சு வரை

தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், 62 அடி நீளமும் 7 அடி உயரமும் உள்ள ஒரு சுற்றுச்சுவரில் ஊர்க்காரர்களே சேர்ந்து படம் வரைந்தார்கள். நாங்கள் யார், எதை எங்களுடையது என்று சொல்கிறோம் என்பதுதான் படம். வரைந்து முடிக்க ஒன்பது நாள்தான் ஆனது. ஆனால் முதல் கடிதத்திலிருந்து முதல் தூரிகை வரை எட்டு மாதம் போய்விட்டது. அதில் பாதி, விவரம் தெரியாமல் அலைந்த அலைச்சல். பாளையங்கோட்டையிலோ பாபநாசத்திலோ நாங்குநேரிப் பக்கமோ இதே எண்ணத்தோடு யாராவது கிளம்பினால், அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியர் ஒருவரை அழைத்து ஊரை அழகாக்குவது வேறு வேலை, இது வேறு வேலை. இங்கே ஓவியர் கோடு போட்டுக் கொடுப்பவர் மட்டும்தான். என்ன வரைவது என்பது திண்ணையிலும் டீக்கடையிலும் படித்துறையிலும் முடிவாகும். அதனால் பெயிண்ட் வாங்கும் வேலை கடைசியில்தான் வரும்.

1. சுவர் யாருடையது என்று பாருங்கள்

பார்த்தால் எல்லாம் பஞ்சாயத்துச் சுவர் போலத்தான் தெரியும். அப்படி இருக்காது. ஆற்றங்கரை, கால்வாய்க் கரை, குளத்து மதகு என்றால் நீர்வளத் துறை. பெரிய சாலையோரத் தடுப்புச் சுவரும் பாலத்தின் கைப்பிடிச் சுவரும் நெடுஞ்சாலைத் துறை. தண்டவாளத்தை ஒட்டிய சுவர் ரயில்வே. நம் பகுதியில் பெரும்பாலும் மதுரைக் கோட்டம், நாங்குநேரிப் பக்கம் திருவனந்தபுரம் கோட்டம். கோயில் மதில் என்றால் அறநிலையத் துறை. அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது என் கருத்து. அனுமதி கிடைத்தாலும் ஊரில் ஒரு பாதிக்குத்தான் அந்தச் சுவர் சொந்தமாகத் தோன்றும்.

அரசுப் பள்ளிச் சுவர் நல்ல தேர்வு. தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு இருவரின் ஒப்புதலோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கும் கடிதம் போக வேண்டும். இன்னும் எளிது ஊராட்சிக் கட்டடம்: நூலகம், அங்கன்வாடி, சமுதாய நலக்கூடம்.

எப்படி உறுதி செய்வது? விஏஓவிடம் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் கையில் இருந்தால் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அச்செடுத்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இதைச் செய்யவில்லை. முதலில் தேர்ந்த சுவருக்கு அனுமதி வாங்கி, சுரண்டும் வேலையும் தொடங்கிய பிறகுதான், அதில் இருபது அடி ஒரு வீட்டுக்காரரின் பட்டா நிலத்தில் நிற்பது தெரிந்தது. அந்த அண்ணாச்சி மும்பையில் இருந்தார். போனில் பேசினோம், மகனோடு பேசினோம், கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை, முதலில் கேட்கவேண்டியவரிடம் நாங்கள் கடைசியில் போய்க் கேட்டோம். மூன்று வாரம் போயிற்று. சுவரும் மாறியது.

தனியார் சுவர் என்றால் வாய்ச்சொல் போதாது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் சுவரில் கைவைத்தால், நல்ல நோக்கத்தோடு செய்தேன் என்பது பதிலாகாது. எத்தனை ஆண்டுக்கு ஒப்புதல், வெள்ளையடிக்க நேர்ந்தால் முன்கூட்டிச் சொல்வாரா என்ற இரண்டும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

2. கடிதமும் தீர்மானமும்

கடிதம் ஒரு பக்கம் போதும். அதோடு சேர வேண்டியவை: சுவரின் நீள அகலம், சர்வே எண், சுவரின் புகைப்படம் இரண்டு, உத்தேச மாதம், பொறுப்பேற்கும் மூன்று பேரின் பெயரும் கையெழுத்தும். அந்த மூவரில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும், மூவரும் ஒரே தெருக்காரர்களாக இருக்க வேண்டாம். இது நாகரிகத்துக்காகச் சொல்வது மட்டும் அல்ல. பின்னால் ஒரு சச்சரவு வரும்போது, அந்தந்தத் தெருவுக்குப் போய்ப் பேச ஆள் வேண்டும்.

படத்தைக் கடிதத்தோடு வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்காதீர்கள். ஊரிடம் கேட்காமல் நீங்களே ஒரு படம் போட்டுக் கொடுத்தால், பிறகு எல்லோரும் அந்தப் படத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். "கட்சி, சாதி, மத அடையாளங்களோ விளம்பரமோ இடம்பெறாது, இறுதி வரைவு ஊராட்சியின் பார்வைக்கு வைக்கப்படும்" என்று இரண்டு வரி எழுதுங்கள். அது போதும்.

எந்த அலுவலகமானாலும் கடிதத்தில் இரண்டு படி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நான் ஓர் அலுவலகத்தில் முத்திரை வாங்காமல் வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால், அப்படியொரு கடிதமே வரவில்லை என்றார்கள். மறுபடி முதலிலிருந்து எழுதினேன். கையில் வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கிராமம் என்றால் கிராம சபைத் தீர்மானம்தான் வலுவான தாள். ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே தினக் கூட்டத்தை விட்டால் சுதந்திர தினம் வரை 106 நாள் காத்திருக்க வேண்டும். நாங்கள் ஜூன் மாதம் கிளம்பி அதில்தான் மாட்டினோம். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே ஊராட்சி செயலரிடம் கொடுத்து, விவாதப் பொருளில் சேர்த்துவிட்டார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் எழுந்து பேச ஒரு பெரியவரையோ மகளிர் குழுத் தலைவியையோ சொல்லி வையுங்கள். தீர்மானம் நிறைவேறியதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். தீர்மான எண்ணோடு நகலைக் கேட்டு வாங்கிய பிறகே முடிந்தது.

தீர்மானத்தில் ஒரு வரி மறக்காமல் சேருங்கள்: மூன்று ஆண்டுகளுக்கு இந்தச் சுவரில் சுவரொட்டி, விளம்பரம் கூடாது.

மாநகராட்சிக்குள் என்றால் வார்டு கவுன்சிலரிடம் தொடங்கி மண்டல அலுவலகம் போக வேண்டும். திருநெல்வேலி மாநகராட்சியில் 55 வார்டுகள். தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், திருநெல்வேலி என நான்கு மண்டலம். உங்கள் தெரு எந்த மண்டலம் என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் மிச்சம்.

இன்னொரு எச்சரிக்கை. தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் யாரும் புதிதாக எதற்கும் கையெழுத்துப் போட மாட்டார்கள், பொதுச் சுவர்களில் இருப்பதையும் வெள்ளையடிப்பார்கள். தேர்தல் நெருங்கும் ஆண்டு என்றால் உங்கள் நாட்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

3. மாதக் கணக்கு

நம் ஊருக்குத் தை பிற்பகுதியிலிருந்து மாசி முடிய வரைவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. மழை விட்டாலும் சுவரில் ஈரம் இறங்க மார்கழி ஆகும். ஆடிக்காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிவிடும். சித்திரையில் பிள்ளைகளுக்கு விடுமுறைதான், ஆனால் காலை பத்து மணிக்கே சுவர் தோசைக்கல். தூரிகையிலேயே பெயிண்ட் காய்ந்துபோகும்.

அப்படியானால் இப்படி வையுங்கள்: ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2-க்குத் தீர்மானம், மழைக்காலம் முழுக்க வீடு வீடாகப் பேச்சு, பொங்கலுக்கு ஊருக்கு வருபவர்களிடம் மிச்சப் பேச்சு, பொங்கல் கழிந்ததும் சுவர் வேலை, மாசியில் வரைதல். ஐந்தாறு மாதம் ஆகும், அதற்குக் குறையாது.

ஊரில் எந்தக் கோயிலில் எப்போது கொடைத் திருவிழா என்று கேட்டு, கொடைக்கு முன்னும் பின்னும் பத்து நாள் விடுங்கள். பந்தலும் சீரியல் லைட்டும் உங்கள் சுவரை மறைக்கும். அதைவிட, எல்லோர் மனசும் கொடையில்தான் இருக்கும்.

4. "நீங்க எந்த ஊரு?" என்று கேட்காதீர்கள்

இந்த வேலையில் நான் கற்றதில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சொந்தம், அடையாளம் பற்றிய ஓவியம் என்றதும் நாங்கள் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு கிளம்பினோம். முதல் கேள்வி, உங்கள் பூர்வீகம் எந்த ஊர். மூன்றாவது வீட்டிலேயே ஓர் ஆச்சி முகத்துக்கு நேரே கேட்டார்: "ஊரக் கேட்ட, அடுத்து தெருவக் கேப்ப. அதுக்கப்புறம் என்னத்தக் கேப்பன்னு எனக்குத் தெரியாதாய்யா?"

நோட்டை மூடிவிட்டோம். நம் சீமையில் ஊரையும் தெருவையும் கேட்பது பல நேரம் சாதியைக் கேட்பதுதான். நாம் அப்படி நினைக்காவிட்டாலும் கேட்கப்படுபவருக்கு அப்படித்தான் கேட்கும். அந்தக் கேள்வியோடு தொடங்கினால் சிலர் பெருமையாகப் பேசுவார்கள், சிலர் வாயைத் திறக்கவே மாட்டார்கள். பேசாதவர்கள் இல்லாத சுவர் ஊர்ச் சுவர் ஆகாது.

ஒரு வாரம் யோசித்துக் கேள்வியை மாற்றினோம்: "வெளியூருக்குப் போய் இருக்கணும்னா, இங்கேருந்து எதை எடுத்துட்டுப் போவீங்க? இந்த ஊருக்கு வந்தப்போ எதைக் கொண்டுட்டு வந்தீங்க?" பொருளைக் கேட்டால் கதை தானாக வருகிறது. கருப்பட்டி என்றார்கள், பத்தமடைப் பாய் என்றார்கள். சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோகும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சாஸ்தா கோயில் திருநீற்றைத் துபாயில் பர்சுக்குள் வைத்திருப்பவர், வாப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துப் போனவர், அசனத்துக்கு (தேவாலயத்துப் பொது விருந்துக்கு) சோறாக்கும் பெரிய அகப்பையைச் சொன்னவர் எல்லாம் வந்தார்கள். அல்வா சொன்னவர்கள் அதிகம் இல்லை. நம்மைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்வது வேறு, நாம் சொல்வது வேறு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உடன்குடிப் பக்கம் தேரிக்காடு என்னும் செம்மணல் காட்டிலிருந்து நாற்பது வருடத்துக்கு முன் வாக்கப்பட்டு வந்த ஒரு பெரியம்மா, தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பனையோலைக் கொட்டானை (சிறு கூடையை) இன்னும் வைத்திருந்தார். "தண்ணிக்குத் தவிச்ச ஊரு எங்க ஊரு. ஆத்தங்கரையாப் பாத்துக் கட்டிக் கொடுக்கணும்னு எங்க அய்யா தேடுனாரு. இப்ப நான் எந்த ஊருன்னு எழுதுவ?" என்று கேட்டார். எழுதவில்லை. கொட்டானை அவரையே வரையச் சொன்னோம்.

யாரிடம் கேட்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கூட்டம் போட்டால் வருகிறவர்கள்தான் வருவார்கள். பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது அவர்கள் கூலியில் கைவைப்பது. மடியில் தட்டோடு அவர்கள் உட்காரும் திண்ணைக்கு நீங்கள் போங்கள். கை ஓடிக்கொண்டே இருக்கும், பேச்சும் ஓடும். செங்கல் சூளைக்கு வந்திருக்கும் ஒடிசாக் குடும்பங்களிடமும் போங்கள். ஆறு மாதம்தானே இருக்கப்போகிறார்கள் என்று எங்களில் ஒருவர் சொன்னார். ஆறு மாதம் இந்த ஆற்றில் குளிப்பவருக்கு ஆற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகுமா?

வட்டாரச் சொற்களையும் திரட்டுங்கள். வெஞ்சனம், வாரியல், அங்கணம், தார்சால், பைய, கொட்டான், சொளவு. படத்துக்குக் கீழே ஓரடி அகலத்துக்கு ஒரு பட்டை விட்டு, ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ஒரு சொல்லைத் தங்கள் கையெழுத்தில் எழுதும்படி வைத்தோம்.

தாள்கள் விஷயம்: பேசியவரின் சொல்லையும் படத்தையும் பயன்படுத்த எளிய தமிழில் ஒரு ஒப்புதல் படிவம் வேண்டும். வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து. ஆதார் நகல், ரேஷன் கார்டு எதுவும் கேட்காதீர்கள். தாளும் பேனாவுமாக ஆள் வந்தாலே அரசுத் திட்டம் என்று நினைப்பார்கள். "இதுல பணம் எதுவும் வராது, சுவத்துல படம் வரையத்தான்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்ட ஒரு தெருவில், எப்போது பணம் ஏறும் என்று இரண்டு மாதம் கேட்டார்கள். பாவம், அவர்களை ஏமாற்றியது போல ஆகிவிட்டது.

5. நிறம், இடம்

திருநெல்வேலிச் சீமையில் நிறம் சாதாரண விஷயம் இல்லை. இரண்டு நிறம் பட்டையாகப் பக்கத்தில் வந்தால் அது ஒரு கட்சிக்கொடியாகவோ ஒரு சாதியின் கொடியாகவோ வாசிக்கப்படும். மின்கம்பத்திலும் பாலத்திலும் பூசிய நிறத்துக்காக நம் ஊர்களில் என்னென்ன நடந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வரைவு தயாரானதும் கருப்பு வெள்ளையில் ஒன்றும் வண்ணத்தில் ஒன்றும் எடுத்து, வெவ்வேறு தெருக்காரர்கள் ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகக் காட்டிக் கேளுங்கள். கூட்டத்தில் காட்டினால் யாரும் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வரைவில் ஒரு புடவைக் கரையை இரண்டு பேர் சுட்டிக்காட்டினார்கள். நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

பொருளின் சொந்த நிறத்தையே பின்பற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கோரையின் பழுப்பு, கருப்பட்டியின் கருப்பு, தேரி மண்ணின் செம்மை, மருத மரத்துப் பச்சை. சாமி படம், தலைவர் படம், அரிவாள் மூன்றும் வேண்டாம்.

யார் படம் எங்கே வருவது? இது சண்டையாகும் இடம். சுவரை ஏறக்குறைய மூன்றடி அகலத்தில் 20 சமக் கட்டங்களாகப் பிரித்தோம். எல்லாம் ஒரே அளவு. ஒரு முனையில் சாக்கடை ஓடுகிறது, இன்னொரு முனை பஸ் நிறுத்தம். நாங்கள் இடம் ஒதுக்கியிருந்தால் சாக்கடை முனைக்கு வந்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நூலக வாசலில் எல்லோர் முன்னாலும் ஒரு சிறுமியை விட்டுச் சீட்டு எடுக்க வைத்தோம். அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டம் கட்டமாக எப்படிக் கதை சொல்வது என்று பார்க்க வேண்டுமானால், திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளுக்குள்ளும் இருக்கும் பழைய சுவரோவியங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஓவியர் அதைச் சொல்லித்தான் சுவரைப் பிரித்தார்.

6. சுவரைத் தேற்றுவது

சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காய வேண்டும். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது உவர். சுரண்டிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், மறுபடி பூத்தால் அந்தச் சுவர் வேண்டாம். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது போகட்டும்.

பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் கம்பி பிரஷால் முழுக்கச் சுரண்ட வேண்டும். ஒரு மூலையில் சோம்பலில் விட்டுவிட்டோம், இரண்டே மாதத்தில் அந்த இடம் அப்பளம் போல உரிந்து வந்தது. பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். விரிசலுக்குச் சிமெண்ட். அதன் மேல் வெளிச்சுவருக்கான பிரைமர் ஒரு கோட், ஓர் இரவு காயட்டும். பிறகு வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட். விலை குறைவு என்று டிஸ்டம்பர் வாங்காதீர்கள், ஒரு மழைக்குத் தாங்காது.

தரையிலிருந்து ஓரடிக்குப் படமே வேண்டாம். மழை தெறிக்கும், சேறு அடிக்கும். அடர்ந்த காவி பூசி விட்டுவிடுங்கள்.

7. பணம்

எங்கள் சுவர் 434 சதுர அடி. மொத்தச் செலவு 57,450 ரூபாய், அதாவது சதுர அடிக்கு ஏறக்குறைய 132 ரூபாய். பெயிண்ட்தான் பெரிய செலவு என்று நினைத்திருந்தேன். இல்லை. பிரைமர், எமல்ஷன், ஸ்டெய்னர் (பெயிண்டில் கலக்கும் நிறச்சாறு), மேல்பூச்சு எல்லாம் சேர்ந்தே 10,300-தான். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 50 சதுர அடி வரும் என்று கணக்குப் போடுங்கள். எல்லா நிறத்தையும் தனித்தனி டப்பாவாக வாங்க வேண்டாம், வெள்ளையை வாங்கி ஸ்டெய்னர் கலந்துகொள்ளலாம். ஸ்டெய்னரை அளவுக்கு மேல் ஊற்றினால் பூச்சு பிடிக்காது, மழையில் ஒழுகும். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், காவி வகை நிறங்கள் நின்று பேசும்.

கொத்தனார், கையாள், சிமெண்ட் 4,200. தூரிகைகள் 2,100. நிழலுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் 4,000. ஒன்பது நாள் டீ, வடை, சாப்பாடு 6,300. அலுவலகங்களுக்கு அலைந்த பஸ், பெட்ரோல் 2,400. ஜெராக்ஸும் போட்டோ பிரிண்டும் 1,150. மீதி 27,000 இரண்டு ஓவியர்களுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 1,500.

அந்த 27,000-ஐக் குறைக்கப் பார்க்காதீர்கள். பிளெக்ஸ் வந்த பிறகு வேலை இழந்த சுவர் விளம்பர ஓவியர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். எந்தச் சுவர் பெயிண்டை எப்படிக் குடிக்கும், எந்த எழுத்து எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஊருக்காகச் செய்கிறோம், இலவசமாக வாருங்கள் என்று கேட்பது அநியாயம். மாலையில் கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

வசூல் என்றால் இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு, ரசீது புத்தகம், நூலக வாசலில் ஒட்டிய வரவு செலவுத் தாள். ஒருவரே மொத்தத்தையும் தருகிறேன் என்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். சுவரில் உபயதாரர் பெயர் எதுவும் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அந்த உற்சாகத்தோடு வருகிறவர்கள் தாமாகவே விலகிப் போவார்கள். நாங்கள் 500 ரூபாய்க்கு மேல் யாரிடமும் வாங்குவதில்லை என்று வைத்தோம். மெதுவாகத்தான் சேர்ந்தது, ஆனால் நூறு வீட்டுக்கு மேல் பங்கு இருக்கிறது.

8. வரையும் நாட்கள்

கிழக்குப் பார்த்த சுவரில் காலை வெயில் நேரே அடிக்கும், அதனால் மாலையில் வரையுங்கள். மேற்குப் பார்த்ததில் காலையில். எங்களுடையது மேற்கு. ஆறரை முதல் ஒன்பதரை வரை ஊரார், அதற்குப் பிறகு பந்தல் நிழலில் ஓவியர்கள்.

முதல் இரண்டு நாள் ஓவியர்கள் கட்டம் போட்டு வெளிக்கோடு மட்டும் இழுக்கட்டும். ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் சுவரை நெருங்க வேண்டாம், தோள் இடித்தால் கோடு போச்சு. நாள், நேரம் குறித்த டோக்கன் கொடுங்கள். பெயிண்டை டப்பாவோடு வைக்காமல் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தால் சிந்தினாலும் நஷ்டமில்லை. தூரிகையை ஆற்றிலும் வாய்க்காலிலும் கழுவ விடாதீர்கள். வாளியில் கழுவி, தெளிந்த பிறகு அடியில் தங்கும் கசடைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

சாலையில் கூட்டம் சேரும் என்றால் ஒரு வாரம் முன்பே காவல் நிலையத்தில் தீர்மான நகலோடு ஒரு கடிதம். மைக் வைத்தால் அதற்குத் தனி அனுமதி, இரவு பத்து மணிக்கு மேல் கூடாது. மைக் இல்லாமலே நடத்தலாம் என்பேன். வரைகிறவர்கள் பேசிக்கொண்டே வரைந்ததுதான் எங்களுக்கு நல்ல நினைவு.

எழுத்துப் பட்டையில் ஒரு தகராறு வந்தது. ஒரு மதினி 'வாரியல்' என்று எழுத, பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவர் 'விளக்குமாறு' என்று திருத்தச் சொன்னார். வழியில் போகும் பிள்ளைகள் தப்பாகப் படிக்கும் என்பது அவர் கவலை. மதினி தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். இப்படி வரும் என்று எதிர்பார்த்து முன்பே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எழுதியவர் கேட்டால் ஒழிய எழுத்தைத் திருத்துவதில்லை. அந்தச் சொல் இப்போது ஏழாவது கட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பக்கத்திலேயே செங்கல் சூளைப் பையன் ஒருவன் ஒடியா எழுத்தில் எழுதிய சொல்லும் இருக்கிறது. என்ன அர்த்தம் என்று கேட்காத ஆள் இல்லை.

இருபதாவது கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டோம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருபவர்கள், அசனத்துக்கு வருபவர்கள், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருபவர்கள், இவர்களும் ஊர்தானே? வெள்ளை பூசி, ஒரு பெட்டியில் நான்கு நிறமும் பத்துத் தூரிகையும் போட்டு நூலகத்தில் வைத்தோம். சாவி கேட்டு வாங்கி வரைந்துவிட்டுப் போகலாம்.

9. வரைந்த பிறகு

ஒரு வாரம் காயவிட்டு வெளிச்சுவருக்கான நிறமற்ற மேல்பூச்சு ஒன்று கொடுங்கள். காலிக் கட்டத்துக்கு அது வேண்டாம்.

சுவரொட்டிதான் அடுத்த தொல்லை. கல்யாணம், காதுகுத்துக்கு வேறிடம் தேடச் சொல்லலாம். கண்ணீர் அஞ்சலி ஒட்ட வருகிறவரிடம், துக்கத்தில் இருக்கும் நேரத்தில் தீர்மான எண்ணைச் சொல்ல முடியுமா? அதனால் பஸ் நிறுத்த முனையில் எட்டுக்கு நாலு அளவில் ஒரு தகரப் பலகை நட்டோம். அதற்கான பணத்தைத் தனியே திரட்டினோம், மேலே சொன்ன கணக்கில் அது சேராது. அதன் பிறகு சுவரில் ஒரு தாள்கூட விழவில்லை. இதை வரைவதற்கு முன்பே செய்யுங்கள்.

மழை முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு முறை, தை பிறந்து ஒரு ஞாயிறு, அரை நாள் வேலை போதும். கழுவி, உரிந்த இடத்தில் தொட்டுப் பூசலாம். அதற்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் கலந்த நிறத்தில் கால் லிட்டராவது மிச்சம் பிடித்து, மூடியில் கட்ட எண்ணை எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். எந்த ஸ்டெய்னர் எத்தனை மூடி ஊற்றினோம் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். எங்கள் பதினான்காவது கட்டத்தின் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டோம், கட்டியாகிவிட்டது. அளவும் குறித்து வைக்கவில்லை. ஓவியர் மூன்று முறை கலந்து பார்த்தும் அந்தக் கோரைப் பழுப்பு வரவில்லை. பத்தமடைப் பாய் இப்போது மேலே ஒரு நிறமாகவும் கீழே ஒரு நிறமாகவும் இருக்கிறது.